அக்காவின் பற்றறிச் சைக்கிள்

ஆவணித் திருநாளுக்கு வங்காலையிலிருந்து நாங்கள் முப்பது பேரளவில் சைக்கிளில் மாதா கோயிலுக்குப் போவோம். முருங்கன் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் தார் றோட்டை விட்டுக் காட்டுப்பாதையில் இறங்கிவிடுவோம். மணலும் பாலைமர வேர்களும் நிறைந்த பாதை அது. பஸ்ஸில் சுகமாகப் போய் இறங்கலாம்தான், ஆனால் எங்களுக்கு இது மாதாவுக்கு வைத்த நேர்த்தி. முன்னால் போகிறவர் செபமாலை சொல்லிக்கொண்டு போவார். பின்னால் வருகிறவர்கள் மிதித்தபடியே மறுமொழி சொல்ல வேண்டும். குரல் கேட்காத தூரத்துக்கு யாரும் முந்தவோ பிந்தவோ கூடாது.

ஒருமுறை இரண்டு பேர் மோட்டார் சைக்கிளில் வந்து கலந்துகொண்டார்கள். அவர்களுடைய இரைச்சலில் செபம் பாதியிலேயே நின்றுபோனது. எனக்குக் கோபம் தலைக்கேறியது. பயணத்தை ஒழுங்குசெய்கிறவன் நான்தான்; மோட்டார் பூட்டிய எதுவும் காட்டுப்பாதைக்கு வரக்கூடாது என்று அன்றைக்கே சட்டம் போட்டேன். நான் அரசாங்கக் கந்தோரில் கிளாக்கர். சட்டம் என்றால் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு.

அந்தப் பாதையில் ஒருகாலம் முன்னால் செபம் சொல்லிக்கொண்டு போனவர் என்னுடைய அக்கா. சண்டைக்காலத்தில் ஷெல் துண்டு பட்டு அவருடைய வலது முழங்கால் பாதிக்கு மேல் மடங்காமல் போனது. தமிழ்நாட்டு முகாமில் பல வருடம் இருந்துவிட்டுத் திரும்பி வந்த பிறகு, திருநாளுக்குப் பஸ்ஸில்தான் வருவார். கோயில் வாசலில் தண்ணீர்ப் போத்தலோடு நின்று எங்களை மறித்து, "இந்தமுறை எந்த இடத்தில மணல் கூடவா இருந்தது?" என்று கேட்பார். எங்கள் களைப்புக்கு அந்தக் கேள்வி எரிச்சலாகக்கூட இருக்கும்.

போன வருடம் அக்காவின் மகள் அவருக்கு ஒரு பற்றறிச் சைக்கிள் வாங்கிக் கொடுத்தாள். ஒருநாள் பின்னேரம் முருங்கைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தவன் நிமிர்ந்து பார்த்தால், அக்கா அதோடு கேற்றடியில் நிற்கிறார். வந்த சத்தமே எனக்குக் கேட்கவில்லை.

"தம்பி, ஒருக்கா நானும் காட்டுப்பாதையால வரட்டே?"

"மோட்டார் பூட்டினது வரக்கூடாது எண்டு தெரியும்தானே அக்கா."

"இது சத்தம் போடாதடா. செபத்துக்கு ஒரு இடைஞ்சலும் இல்லை."

"சத்தம் இல்லாட்டியும் மோட்டார் மோட்டார்தான்."

ஞாயிறு பூசை முடிந்து எங்கள் ஊர்க் கோயில் வளவில் எல்லோரும் கூடியபோது அக்கா வந்து மறுபடியும் கேட்டார். அக்காதானே, வரட்டும் என்றார்கள் மற்றவர்கள். நான் எழும்பி நின்றேன். "மிதிக்காமல் இருந்த இருப்பில போறதுக்கு நேர்த்தி எண்டு பேர் வைக்கேலாது. இண்டைக்கு என்ர அக்காவை விட்டா நாளைக்கு ஆரைத்தான் மறிக்கிறது?" என்றேன். அக்கா கைலேஞ்சியை மடித்து மடித்து விரித்துக்கொண்டிருந்தார். பிறகு, "சரி தம்பி, நான் பஸ்ஸிலயே வாறன்" என்றார்.

சொந்த இரத்தம் என்றும் பாராமல் நியாயம் பேசியதாக அன்றைக்கு எனக்கு உள்ளுக்குள் ஒரு பெருமை இருந்தது. அதை நினைத்தால் இப்போது கூசுகிறது. அந்தத் திருநாளிலும் அக்கா வாசலில் நின்று தண்ணீர் தந்தார். மணலைப் பற்றி மட்டும் கேட்கவில்லை.

மார்கழி மழையில் காய்ச்சல் என்று படுத்தவர் நாலாம் நாள் போய்விட்டார்.

முப்பத்தோராம் நாள் பூசைக்குப் பிறகு அக்காவின் மகள் அந்தச் சைக்கிளை என்னிடம் தந்தாள். சும்மா நின்றால் பற்றறி செத்துவிடுமாம், வைத்து ஓடச் சொன்னாள். ஏறி இருந்து பொத்தானை அமத்தினேன். லைற் எரிந்தது, சைக்கிள் அசையவில்லை. மற்றப் பொத்தானையும் அமத்திப் பார்த்தேன்.

"மாமா, மிதியுங்கோ. மிதிச்சாத்தான் அது இழுக்கும். நீங்கள் விட்டா அதுவும் விட்டிடும்" என்றாள். "அம்மா உங்களுக்குச் சொல்லேல்லையே?"

நான் கேட்கவே இல்லை.

இறங்கிப் பார்த்தேன். வலது பக்கம், மடங்காத காலை நீட்டி வைப்பதற்கு ஒரு கம்பி வெல்டிங் செய்து ஒட்டப்பட்டிருந்தது. அந்தப் பக்கத்துப் பெடல் கடையில் வாங்கியபடியே புதிதாக இருந்தது. இடது பெடலின் றப்பர் முழுதும் தேய்ந்து இரும்பு தெரிந்தது. ஒற்றைக் காலால் மிதித்திருக்கிறார்.

"பின்னேரத்தில முருங்கன் றோட்டால போய்ப் பழகுவா" என்றாள் மருமகள். "நீங்கள் ஏலாது எண்டு சொன்னாப் பிறகும் விடேல்லை. வாற வருசம் தம்பி மனம் மாறுவான் எண்டு சொல்லிக்கொண்டே போவா."

தேய்ந்த பெடலைக் கையால் பிடித்தபடி முற்றத்தில் குந்திவிட்டேன். அந்தக் காலோடு அவரைவிட யார் கஷ்டப்பட்டு நேர்த்தி செய்திருக்க முடியும்?

போன ஞாயிறு, இந்த ஆவணிப் பயணத்துக்காகக் கோயில் வளவில் மறுபடியும் கூடினோம். மிதித்து ஓடுகிற பற்றறிச் சைக்கிள் காட்டுப்பாதையில் வரலாம் என்று நானே எழும்பிச் சொன்னேன். மறுப்பவர்கள் கையை உயர்த்துங்கோ என்றேன். ஒரு கையும் உயரவில்லை. போன வருடமும் மறுத்தது நான் ஒருவன்தான்.