மஞ்சள் தாளில் எழுதிய சாப்பாடு

யாரோ பெற்ற பிள்ளை, நான் கண்ணால் பார்த்திராத ஊரில், ஒரு நாளைக்கு எத்தனை வேளை சாப்பிடலாம் என்று பெங்களூரில் உட்கார்ந்து எழுதிக் கொடுப்பதுதான் என் தொழில். வெளிநாட்டில் ஆங்கிலம் படிக்க ஆள் அனுப்பும் கன்சல்டன்சியில் கவுன்சிலர் வேலை. அல்சூரில், ஒரு பேக்கரிக்கு மேல்மாடி. அடுத்தவர் செலவுக்குக் கூட்டல் போட்டுச் சம்பளம் வாங்கும் சக பாவிகளே, உங்களிடம் சொல்லாமல் யாரிடம் சொல்ல?

வெள்ளையும் மஞ்சளும்

எங்கள் ஆபீசில் மாணவரின் மாதச் செலவுக்கு இரண்டு தாள்கள் உண்டு. வெள்ளைத் தாள் விசாவுக்கு. அதில் வாடகை, சாப்பாடு, பஸ் எல்லாம் தாராளமாக இருக்கும்; இத்தனை செலவையும் தாங்கும் குடும்பம் என்று காட்ட வேண்டுமே. மஞ்சள் தாள் பெற்றோருக்கு. அதில் எல்லாமே இளைத்திருக்கும். இல்லாவிட்டால் கையெழுத்துப் போடாமல் எழுந்து போய்விடுவார்கள்.

இரண்டையும் ஒரே கம்ப்யூட்டரில், ஒரே மதியத்தில் நான்தான் அடிப்பேன். உண்மையில் எவ்வளவு ஆகும் என்பதற்கு மூன்றாவது தாள் கிடையாது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் அதைப் பற்றி முதலாளியிடம் கேட்டேன். அவர் டீயை உறிஞ்சிக்கொண்டே சொன்னார்:

"மஞ்சள்ல ஸ்வல்ப கம்மியாவே போடு ஆல்பர்ட். புள்ளைங்க அங்க போனா எப்படியோ பொழைச்சுக்கும்."

முடி வெட்டும் செலவு

ஆனேக்கல்லிலிருந்து ஒரு தகப்பனார் மகனோடு வந்தார். மஞ்சள் தாளே அவருக்கு அதிகமாகத் தெரிந்தது. பேனாவை வாங்கி ஒவ்வொன்றாக அடிக்கத் தொடங்கினார். காபி போனது, சினிமா போனது. முடி வெட்டும் செலவுக்கு வந்ததும் பையனின் தலையை ஒரு முறை நிமிர்ந்து பார்த்தார்.

"திருப்பதிக்குக் கூட்டிட்டுப் போய் மொட்டை போட்டே அனுப்பிடறேன் சார், ஆறு மாசம் தாங்கும்."

ஐந்து ஆம்பியர்

ரோஸ்லின் ஒக்கலிபுரத்துப் பெண். ஒரு நர்சிங் ஹோமில் நர்ஸ். ஆங்கிலப் பரீட்சையில் கொஞ்சம் மதிப்பெண் குறைந்து, வெளிநாட்டு வேலை இரண்டு தடவை கைநழுவிப் போயிருந்தது. ஒரு தீவு நாட்டில் எட்டு மாதம் தங்கி ஆங்கிலம் படித்து, அங்கேயே பரீட்சை எழுதித் தேறிவிட்டால் வேலை நிச்சயம். அவள் அப்பா அந்தோணி எலெக்ட்ரீஷியன். தன் பி.எஃப். பணம் முழுவதையும் இதற்காக எடுத்துவிட்டார். இன்னொரு தடவை அனுப்ப அந்த வீட்டில் எதுவும் மிச்சமில்லை.

கண்ணாடியை மாட்டிக்கொண்டு மஞ்சள் தாளை மேலிருந்து கீழ்வரை படித்தவர், சாப்பாட்டுத் தொகையில் விரலை வைத்து நிறுத்தினார். அது பழைய மாணவர் ஒருவருடைய தாளிலிருந்து நான் அப்படியே எடுத்துப் போட்டது. இரண்டு வருஷத்துக்கு முந்தைய விலைவாசி.

"சும்மனே கேக்கறேன் சார். நாங்க ஒரு வீட்டுக்கு ஒயர் போட்டா, தேவைக்கு மேல அஞ்சு ஆம்பியர் ஜாஸ்தி தாங்கற மாதிரிதான் போடுவோம். நீங்களும் அப்படித்தானே போட்டிருப்பீங்க?"

முதல் மூன்று மாதம்

நான் தலையை ஆட்டிவிட்டேன். அந்தத் தாளில் இன்னொரு ஓட்டையும் இருந்தது. அந்த நாட்டில் முதல் மூன்று மாதம் மாணவர்கள் வேலை பார்க்கக் கூடாது. நானோ பகுதிநேர வேலையின் வருமானத்தை முதல் மாதத்திலிருந்தே சேர்த்திருந்தேன். அதைச் சேர்க்காவிட்டால் கூட்டல் சரிவராது.

விசா வந்த அன்று ரோஸ்லின் எங்கள் எல்லோருக்கும் கேக் வாங்கி வந்தாள். அப்போதாவது சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். "வேலை கிடைக்கக் கொஞ்சம் தாமதமாகலாம்மா" என்றுதான் வந்தது. கேக் வேறு கையில் இருந்தது. அவள் சிரித்தாள்.

"ஐ.சி.யூ.ல நைட் டூட்டி பார்த்தவ சார் நான். பாத்திரம் கழுவக் கூப்பிட்டாலும் ஓடிப்போவேன்."

பஸ் பாஸ்

ஒன்றரை மாதம் கழித்து அவளிடமிருந்து போன் வந்தது. மஞ்சள் தாளில் உள்ள வாடகைக்குப் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் இடம் கிடைக்கவில்லை. இரண்டு பஸ் மாறிப் போகிற தூரத்தில்தான் கிடைத்திருக்கிறது. பஸ் பாஸ் தாளில் இல்லை. மஞ்சளில் அதை நாங்கள் போடுவதில்லை. மூன்று மாதம் வேலை கிடையாது என்பதும் போன பிறகுதான் அவளுக்குத் தெரிந்திருக்கிறது. அதற்காக ஒரு வார்த்தை என்னைக் கேட்கவில்லை. அப்பாவிடம் மறுபடி கேட்க முடியாது சார், வேறு எதில் குறைக்கட்டும் என்றுதான் கேட்டாள்.

எதிரில் புதிதாக ஒரு குடும்பம் கையெழுத்துப் போட உட்கார்ந்திருந்தது. சீக்கிரம் முடிக்க வேண்டும். "சாப்பாட்டுல கொஞ்சம் பார்த்துக்கோம்மா" என்றேன். பாவி நான், அதைச் சொல்ல இரண்டு நொடிகூட யோசிக்கவில்லை.

"சரிங்க சார். எதுல குறைக்கறதுன்னுதான் தெரியாம இருந்துச்சு."

சர்டிபிகேட் வாங்க வந்தவள்

ஐந்தாம் மாதம் அவள் திரும்பி வந்துவிட்டாள். வேலைக்குப் போகலாம் என்கிற அந்த மூன்று மாதம் முடிவதற்குள்ளேயே வகுப்பில் இரண்டு தடவை மயங்கி விழுந்திருக்கிறாள். அதற்கப்புறம் படுக்கை. வருகைப் பதிவு குறைந்ததால் பள்ளிக்கூடம் பெயரை நீக்கியது. விசாவும் அதோடு போனது. பரீட்சை எழுதவே இல்லை. பழைய நர்சிங் ஹோமிலேயே மறுபடி சேர்வதற்காக, எங்களிடம் இருந்த ஒரிஜினல் சர்டிபிகேட்டுகளை வாங்க வந்திருந்தாள். எனக்கு அடையாளம் தெரியவில்லை. "புது அட்மிஷனா?" என்று கேட்டு நாற்காலியைக் காட்டினேன்.

உட்கார்ந்தாள். பையிலிருந்து மஞ்சள் தாளை எடுத்து மேஜைமேல் விரித்தாள். மடிப்பு கிழிந்த இடத்தில் டேப் ஒட்டியிருந்தது. நான் போட்டிருந்த சாப்பாட்டுத் தொகையின் பக்கத்தில், நான் போனில் சொன்னபடி பஸ் பாஸைக் கழித்துப் புதுத் தொகை எழுதி, வாரத்துக்கு ஒன்றாகப் பென்சிலில் டிக் அடித்திருந்தாள். ஒரு வாரம்கூட விடுபடவில்லை.

திட்டப்போகிறாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். வகுப்பில் சந்தேகம் கேட்பவளைப் போல அவள் தாளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். வெட்கத்தில் எனக்குத் தலை நிமிரவில்லை.

"நீங்க சொன்னதுக்கு மேல ஒரு வாரம்கூட நான் சாப்பிடல சார். அப்புறம் ஏன் பத்தல?"

மஞ்சள் தாளை இன்றும் நான்தான் அடிக்கிறேன், அதனால் என் வீட்டில் மூன்று வேளையும் தவறாமல் இலை விழுகிறது.