மூன்று பேரும் விட்டுக்கொடுத்த பக்கம்

லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையில் வேலை பார்த்துக்கொண்டே நிரல் எழுதக் கற்றவன் நான். சங்ககிரிக்கு வரும் டிரைவர்கள் டீ குடிக்கையில் உதிர்க்கும் பேச்சுகளைச் சேர்த்து, யார் சொன்னது, எந்த ரோட்டில், எதற்காக என்று ஒன்றோடொன்று கோத்து வைக்கும் ஆசையில்தான் இதில் இறங்கினேன். அப்படிக் கோக்க ஒரு முறை ஏற்கெனவே இருந்தது. தலைப்பு வரைபடம் என்பார்கள். ஒவ்வொரு விஷயமும் ஒரு புள்ளி, உறவெல்லாம் கோடு. ஒரே விஷயத்துக்கு இரண்டு புள்ளி வந்துவிட்டால் இரண்டும் ஒன்றாகிவிட வேண்டும். இந்த விதியில்தான் நான் மயங்கினேன்.

இணையத்தில் அந்த வரைபடத்தைத் திறக்கும் செயலி ஒன்றை எழுதி, யாரும் எடுத்துக்கொள்ளட்டும் என்று நிரலோடு போட்டுவைத்தேன். ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது, பள்ளிபாளையத்தில் தறி ஓட்டும் ஒருவர் நூல் ரகங்களுக்காகவும், ஆத்தூர் சவ்வரிசி ஆலை அலுவலகத்தில் இருக்கும் ஒரு அக்கா குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி, நோய்களுக்காகவும் இதையேதான் எழுதிக்கொண்டிருக்கிறார்கள் என்று.

“ஒரே சேலைக்கு மூணு தறி ஓட்டிக்கிட்டு இருக்கோமுங்க” என்றார் தறிக்காரர். மூன்றையும் ஒன்றாக்கலாம் என்று போனிலேயே முடிவானது.

அக்காவுக்கு மட்டும் தயக்கம். எந்தத் தோட்டத்தில் மாவுப்பூச்சி விழுந்தது, அங்கிருந்து யார் நடுவதற்குக் குச்சிக் கரணை வாங்கினார்கள் என்பதை அவருடைய இணையப் பக்கத்தில் பார்த்துவிட்டுத்தான் சுற்றுப்பட்டு விவசாயிகள் நடவு போடுவார்கள். “பழசை மூடிடுறேன் தம்பி. ஆனா நடவுக்குள்ள புதுசு வந்துடணும். என்னை நம்பித்தான் கரணை எடுக்கறாங்க.”

புள்ளியும் கோடுமாகப் படம் வரையும் நிரல் பக்கம் மட்டும் மூன்று பேரிடமும் இருந்தது; ஒன்று போதும்.

“உங்களுதே இருக்கட்டுங்க” என்றேன் தறிக்காரரிடம்.

“ஐயோ, நம்மளுது சுமாருங்க. அக்காளுதுதான் அழகு.”

“சும்மா இருங்கப்பா, தம்பியோடதுதான் வேகம்.”

சிரித்துக்கொண்டே போனை வைத்துவிட்டோம். முடிவு சொன்னதாக ஒவ்வொருவரும் நினைத்துக்கொண்டோம்.

ஞாயிறு மத்தியானம் இருவரும் பட்டறைக்கு வந்தார்கள். அக்கா காலையிலேயே தன் பழைய பக்கத்தை மூடிவிட்டிருந்தார். புதியதைத் திறந்தோம். தேடினால் பெயர்கள் வரிசையாக வந்தன. படம் இருக்க வேண்டிய இடம் வெள்ளையாக இருந்தது.

அக்காவின் போன் அடித்தது. ஸ்பீக்கரில் ஒரு விவசாயியின் குரல்: “ஏம்மா, படத்தையே காணோமே? நாளைக்கு நடவு. மேக்குத் தோட்டத்துக் கரணையா, வேற எடமா?”

“பத்து நிமிஷம், அண்ணா.”

நிரலின் மாற்றப் பதிவைத் திறந்து பார்த்தேன். மூன்று பேரும், மூன்று வேறு நாளில், அவரவர் படப் பக்கத்தை அழித்திருந்தோம். காரணம் எழுதும் இடத்தில், மற்றவர்களுடையது நன்றாக இருக்கிறது என்று மூவருமே எழுதியிருந்தோம்.

“ஏனுங்க, பந்தியில ஆளாளுக்கு நகந்து எடம் உட்டு, கடைசியில அத்தன பேரும் எந்திரிச்சுப் போயிட்டமுங்க!” என்றார் தறிக்காரர். சிரிப்பு வந்தது, பாதியிலேயே நின்றது. வெளியே ரோட்டில் கேபின் கூட இல்லாத வெறும் லாரி சேஸிஸ் ஒன்று, துண்டை முகத்தில் சுற்றிய டிரைவரோடு, கானலில் மிதந்து போனது.

அழித்தது எதுவும் தொலையவில்லை. பழைய பிரதிகளில் பத்திரமாக இருந்தது. எதை மீட்பது? “அக்காளுதே...” என்று தறிக்காரர் ஆரம்பிக்க, “இல்லப்பா, தம்பியோடது...” என்று அக்காவும் வாயெடுத்தார். சட்டென்று நிறுத்திக்கொண்டார்.

“போதும். என்னுதுதான் நல்லா இருக்கு. அதையே வைங்க.”

எங்களில் ஒருவர் தன்னுடையதைத் தானே மெச்சியது அதுதான் முதல் தடவை. என் பக்கத்துக்காக நான் கழித்த ஞாயிறுகள் நெஞ்சில் லேசாக உறுத்தின. ஆனாலும் விரல் அவருடையதைத்தான் மீட்டது.

களத்தில் கொட்டிய சவ்வரிசி போல வெள்ளைப் புள்ளிகள் மெதுவாகப் பரவின. என் டிரைவர்கள், தறிக்காரரின் நூல் கண்டுகள், அக்காவின் கிழங்குத் தோட்டங்கள் எல்லாம் ஒரே திரையில், தறிக்கூடத்துப் பஞ்சுத் துகளாய் அலைந்தன. ஆத்தூர் ரோடு மட்டும் மூன்று புள்ளியாக வந்தது. அந்த மூன்றும் ஒன்றையொன்று நெருங்கி, தொட்டு, ஒன்றாயின.

அக்கா போனை எடுத்தார். “இப்பப் பாருங்கண்ணா, தெரியுதா?”

“தெரியுதும்மா. மேக்குத் தோட்டத்துல பூச்சி காட்டுது. நல்லவேளை. வேற எடத்துல வெட்டிக்கறேன்.”