பெருமாயி வாங்கிவந்த சேவல்

மலையில் சில ஊர்கள் சேர்ந்தால் ஒரு நாடு. குண்டனி நாட்டில் பெருமாயியைப் போல மலை இறங்கி ஏறுகிறவள் இன்னொருத்தி கிடையாது. மிளகும் தேனும் வைத்த கூடையைத் தலையில் ஏற்றினால் வெயில் ஏறும் முன்பே அடிவாரத்துச் சந்தையில் நிற்பாள். பொழுது சாய்வதற்குள் உப்பும் கருவாடும் வாங்கிக்கொண்டு மேலே வந்துவிடுவாள். சுதந்திரத்துக்குப் பத்துப் பன்னிரண்டு வருஷம் முந்தி, அப்படிப் போய்வந்த ஒரு நாள், அந்தக் கூடைக்குள் ஒரு சிவப்புச் சேவலும் வந்தது.

அது மாரிக்கு நேர்ந்த சேவல். பெருமாயியின் தங்கை ராமாயி அரியூர் நாட்டில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். பிறந்த இரண்டும் தங்கவில்லை. மூன்றாவது வயிற்றில் இருந்தது. தாயும் பிள்ளையும் பிழைத்தால் சேவல் அறுப்பதாகப் பெருமாயி வேண்டியிருந்தாள். பிரசவத்துக்குக் கூட வந்து இருப்பதாகத் தங்கையின் கையைப் பிடித்துச் சொல்லியும் இருந்தாள்.

நாலாம் நாள் சேவல் இரை எடுக்கவில்லை. வாயைத் திறந்து திறந்து மூச்சு வாங்கியது. பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்தது. ஆறாம் நாள் காலையில் கழுத்து முறுக்கிக்கொண்டு செத்துக் கிடந்தது. நேர்ந்துவிட்ட சேவல் தானாகச் செத்தால் என்ன அர்த்தம் என்று யாரைக் கேட்டாலும் மாரி ஏற்கவில்லை என்ற ஒரே பதில்தான் வரும். அந்தப் பதில் நிறைமாதக்காரி காதில் விழக்கூடாது. பெருமாயி அதைத் தினைக்காட்டு ஓரத்தில் புதைத்துவிட்டு, கீரி இழுத்துக்கொண்டு போனதாகப் புருசன் செல்லமுத்துவிடம் சொல்லிவிட்டாள்.

அந்த வாரமே அவள் வீட்டுக் கோழிகள் விழுந்தன. அடுத்து பக்கத்து வீடு, அதற்கடுத்த வீடு. காலையில் கூடையைத் திறந்தால் நாலு செத்திருக்கும், இரண்டு கால் இழுத்துக்கொண்டு கிடக்கும்.

ஊரின் கடைசி வீடு சின்னராசுவுடையது. மரத்திலிருந்து விழுந்து கால் ஊனமான ஒண்டிக்கட்டை. தினைக்காட்டில் கவண்கல் பட்டு விழும் கிளிகளை எடுத்துவந்து வளர்ப்பான். அப்போது மூன்று இருந்தன. அவன் கோழிகள் செத்த மூன்றாம் நாள் ஒரு கிளியும் கழுத்தைத் திருப்பிக்கொண்டு நின்ற இடத்திலேயே சுற்றியது. தண்ணீருக்குப் போன மாதம்மாள் அதைப் பார்த்துவிட்டாள். காட்டுக்கிளி கொண்டுவந்த சீக்கு என்று பொழுது சாய்வதற்குள் ஊர் முடிவு கட்டிவிட்டது.

ஊர்க்கவுண்டர் அர்த்தனாரி முன்னால் எல்லோரும் கூடினார்கள்.

“கோழி செத்த பொறகுதானுங்க கிளிக்கு வந்துது,” என்றான் சின்னராசு. யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவன் கூட்டத்தில் பெருமாயியைத் தேடிப் பிடித்தான். “உன்ற ஊட்டுக் கோழிதான கண்ணு மொதல்ல செத்துது? நீ சொல்லு.”

பெருமாயி புருசன் பக்கம் ஒரு தடவை பார்த்தாள். “எனக்குத் தெரியலீங்ணா,” என்றாள்.

சீக்குக் கிளியையும் நல்ல கிளிகளையும் ஒரே சாக்கில் போட்டு ஓடையில் அமுக்கினார்கள்.

அதற்குப் பிறகும் கோழிகள் செத்தன. அன்று சந்தையில் சேவல் வாங்கிய இடத்தில் இன்னும் நாலைந்து கோழிகள் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது இப்போதுதான் பெருமாயிக்கு நினைவுக்கு வந்தது. சொன்னால் தங்கைக்கு அபசகுனம். கிளிகளின் சாவும் தன் தலையில் விழும். எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவராக இருந்தது.

மிச்சக் கோழிகளைச் சாவதற்குள் மலைமேலேயே இருக்கும் சோளக்காட்டுச் சந்தையில் தள்ளிவிடலாம் என்று ஒருநாள் ஊரே கிளம்பியது. அங்கே கோழி வாங்க வருகிறவர்களில் பாதிப் பேர் அரியூர் நாட்டார். கூடைகள் வரிசையாகப் போவதைப் பார்த்ததும் பெருமாயி ஓடிப்போய்த் தடத்தை மறித்து நின்றாள்.

“நில்லுங்க கவுண்டரே! என்ற சேவல கீரி இழுக்கலீங்க. கழுத்து முறுக்கிச் செத்துது, நாந்தான் பொதைச்சேன். சந்தையிலிருந்து என்ற கூடையில வந்த சீக்குங்க இது. இப்ப உங்க கூடையில அரியூருக்குப் போவப்போவுது.”

செல்லமுத்து அவளை யாரோ போலப் பார்த்தான். கூட்டத்துக்குப் பின்னாலிருந்து சின்னராசுவின் குரல் மட்டும் வந்தது. “அப்ப என்ற கிளிங்க?”



அர்த்தனாரி கூடைகளை இறக்கச் சொன்னார். அம்மை போட்ட ஊருக்குச் செய்வதுபோல ஊர்த்தடத்தில் முள் அடைத்தார்கள். இரண்டு பௌர்ணமி கழியும்வரை கோழியோ ஆளோ வெளியே போகக்கூடாது. பெருமாயியின் கூடையை அவள் கண் முன்னாலேயே எரித்தார்கள்.

“ராமாயிக்கு இந்த மாசமுங்க. நான் ஒருத்தி மட்டும் போய்க்கிறனுங்க.”

“கூடையில போவுமுன்னு நீதான சொன்ன? உன்ற காலுல போவாதா?” என்றார் அர்த்தனாரி.



வாசலில் நின்றால் அரியூர்ப் பக்கத்து மேடு தெரியும். அதற்கு அந்தப் பக்கம் தங்கை. வலி கண்டிருக்குமோ, யார் தாங்கிப் பிடித்தார்களோ என்று நாள் முழுக்க அந்த மேட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். செல்லமுத்து தேவைக்கு மேல் பேசுவதில்லை. ஒரு விடியலில் துணிந்து முள்வேலிவரை போய்விட்டாள். முள்ளை விலக்கக் குனிந்தபோது, கோழி எச்சம் கலந்த சேறு கணுக்கால்வரை அப்பியிருப்பது கண்ணில் பட்டது. அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டுத் திரும்பி வந்தாள்.

பத்து நாள் கழித்து, ராமாயியின் நாத்தனார் கண்ணாயி முள்ளுக்கு அந்தப் பக்கம் நின்று கூவினாள்.

“பொம்பளப் புள்ள! ரெண்டு நாளு வலி தின்னா. உன்னயக் கூப்புட்டுக்கிட்டேதான் கெடந்தா. ரெண்டு பேரும் பொழச்சுக்கிட்டாங்க.”

“கோழிங்க?”

“எல்லாம் மேயுது. அதுக்கு என்ன இப்ப?”

முள் எடுத்த அன்றே பெருமாயி அரியூருக்குப் போனாள். பெருமாயியின் கையில் குழந்தையைக் கொடுக்க ராமாயிக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. ஆனால் கொடுத்தாள்.

சின்னராசு அப்படியில்லை. ஒரு நாள் பெருமாயி அவன் வாசலில் போய் நின்றாள். அவன் களைக்கொத்துக்குக் காம்பு செதுக்கிக்கொண்டிருந்தான்.

“தெரியலீன்னு சொன்னது பொய்யிங்ணா.”

“அன்னிக்கே தெரியும்,” என்றான் அவன், தலை நிமிராமலே. “போ கண்ணு. பொழுதாவுது.”

அதற்குப் பிறகு பதினைந்து வருஷம் அதே ஊரில் இருந்தார்கள். அவன் அவளிடம் பேசிய கடைசிச் சொல் அதுதான்.