அக்காவின் மஞ்சள் மீன்

என் அத்தான் தியாகராசாவைப் போல ஒரு பிடிவாதக்காரனை ஜெர்மனியில் நாங்கள் இருக்கும் கெல்சென்கிர்ச்சன் நகர் முழுக்கத் தேடினாலும் காணமுடியாது. காலமெல்லாம் உணவகத்தில் கோப்பை கழுவிய மனுசன், வீட்டில் தான் குடித்த தேத்தண்ணிக் கோப்பையைக்கூடக் கழுவமாட்டார். அதற்காக நான் ஏசாத ஏச்சில்லை. என் அக்கா புஷ்பராணிக்குப் பாரிசவாதம் வந்த பிறகு ஆளே மாறிப்போனார். அவளைக் குளிக்கவார்ப்பது, தலை வாரி இழுப்பது, சோற்றைக் குழைத்துத் தீத்துவது எல்லாம் அவர்தான்.

அக்காவுக்குப் பேச்சில்லை. வலது பக்கம் அசையாது. பார்வையும் சுவரிலேயே நிற்கும். அவர்களின் மகன் இளங்கீரன் பிராங்பேர்ட்டிலிருந்து ஒரு கடல்மீன் தொட்டியைக் கொண்டுவந்து ஹோலில் வைத்தபோது, இது யாருக்கு என்று எனக்கு எரிச்சல்தான் வந்தது. ஆனால் அதிலிருந்த மஞ்சள் மீன் போன பக்கமெல்லாம் அக்காவின் கண்ணும் போனது. அத்தான் விம்மி விம்மி அழுதார்.

"என்ர புஷ்பம் உள்ளுக்கை இருக்கிறாள், கஜந்தி. பார், இருக்கிறாள்."

இந்தக் குளிர்காலத்தில் மீன்களுக்கு ஏதோ நோய், வருத்தம் வந்தது. ஒரு சனிக்கிழமை விடிய எல்லா மீன்களும் மேலே வந்து வாயைத் திறந்து மூச்சுக்குத் தவித்தன. இரண்டு செத்து மிதந்தன. அத்தான் தண்ணீரைச் சோதித்துப் பார்த்தார். உப்பும் சூடும் சரியாகத்தான் இருந்தன. மீன்களின் உடம்பில் ஒரு புள்ளி இல்லை, புண் இல்லை. பாதித் தண்ணீரை மாற்றியதும் தேறின. அடுத்த சனிக்கிழமை திரும்பவும் அதே கோலம்.

மனுசன் கலங்கிப்போனார். வெள்ளிக்கிழமைகளில் மட்டும் காட்டிய சாம்பிராணியை ஒவ்வொரு பின்னேரமும் காட்டத் தொடங்கினார். அக்காவும் பார்க்கட்டும் என்று கார்த்திகையில்தான் சாமிப்படங்களை அறையிலிருந்து ஹோலுக்கு, தொட்டிக்குப் பக்கத்தில், மாற்றியிருந்தார். அவளுக்குக் குளிரும் என்று யன்னல் திறப்பதில்லை. புகைத்தட்டோடு அவர் கிட்டப் போனால் அக்கா இடது கையைக் கொஞ்சம் உயர்த்துவாள்.

"பாத்தியா, கும்பிடுறாள்" என்பார்.

மஞ்சள் மீனும் இன்னொன்றும்தான் மிஞ்சின. நான் தொட்டித் தண்ணீரைப் போத்தலில் எடுத்துக்கொண்டு பக்கத்து நகரமான எசனில் உள்ள மீன்கடைக்குப் போனேன். கடைக்காரர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னார்: "நோய் என்றால் ஒவ்வொன்றாய்த்தான் விழும். எல்லாம் ஒரே நேரத்தில் மூச்சுக்குத் தவித்தால் அது நஞ்சு. தொட்டியில் நுரை எடுக்கும் மெஷின் அறைக் காற்றை இழுத்துத்தான் தண்ணீருக்குள் கலக்கும். அந்த அறையில் எதையாவது எரிக்கிறீர்களா?"

போத்தலைக்கூட எடுக்காமல் திரும்பினேன்.

ஓடிப்போய் அக்கா வீட்டுக் கதவைத் திறந்தால் ஹோல் முழுக்கப் புகை. நான் அண்ணாந்து பார்த்தேன். புகை வந்தால் கத்தவேண்டிய மணி சீலிங்கில் இருக்கிறது. அது கத்தாமலிருக்க அத்தான் பிளாஸ்டிக் பையால் மூடிக் கட்டியிருந்தார். நாங்கள் எல்லோரும் பூசை நாளில் செய்கிற வேலைதான்.

"ஐயோ, விசர் மனுசா! அதை அணையுங்கோ! உங்கடை சாம்பிராணிதான் மீனைக் கொல்லுது!"

அவருக்கு விளங்கச் சற்று நேரம் எடுத்தது. விளங்கியதும் தட்டோடு நின்ற இடத்திலேயே குந்திவிட்டார். நான் யன்னல்களைத் திறந்தேன், மெஷினை நிறுத்தினேன், புதுத் தண்ணீர் ஊற்றினேன். ஒன்றும் உதவவில்லை. மஞ்சள் மீன் சரிந்து சரிந்து கீழே போனது. அக்காவின் கண்ணும் அதோடு கீழே போய், தொட்டியின் அடியில் நின்றது.

"அப்ப அவள் கும்பிடேல்லை" என்றார் அத்தான். "வேண்டாம் எண்டுதானே கையைத் தூக்கினவள்? அவளுக்குத் தெரிஞ்சிருக்கு, கஜந்தி. சொல்ல ஏலாமப் போச்சு."

நான் அவர் கையிலிருந்த தட்டை வாங்கிக்கொண்டுபோய்த் தண்ணீர் ஊற்றி அணைத்தேன்.

இளங்கீரன் புது மீன் வாங்கிவந்து தொட்டியில் விட்டான். அதுவும் மஞ்சள்தான். அக்காவின் கண் அதன் பின்னால் போகவில்லை. பார்வை சுவருக்கே திரும்பிவிட்டது. அத்தான் இப்போது சாமிக்கு விளக்கும் ஏற்றுவதில்லை. சோற்றைக் குழைத்துக்கொண்டு அவள் முன்னால் போய் உட்காருகிறார். அக்கா இடது கையை உயர்த்துகிறாள். அந்தக் கை என்ன சொல்கிறது என்று தெரியாமல், கரண்டியைப் பிடித்தபடி அப்படியே இருக்கிறார்.