லாக் என்றால் என்ன

பன்னிரண்டாம் வகுப்புக் கணக்கில் நான் முழு மதிப்பெண் வாங்கியவன். கல்யாணமான புதிதில் என் மாமனார், தி. நகரில் இருக்கும் தன் ஜவுளிக்கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் அதைப் பெருமையாகச் சொல்வார். எனக்கும் அது பிடித்திருந்தது.

போன வருஷம் என் மனைவி தொலைதூரக் கல்வியில் பி.சி.ஏ. சேர்ந்தாள். பள்ளியில் காமர்ஸ் எடுத்தவள்; முதல் பருவத்திலேயே கணக்குத் தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, அடையாறு வீட்டில் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து கேட்டாள்.

"ஏங்க, லாக்னா என்ன?"

பேனாவை வாங்கிச் சூத்திரங்களை மளமளவென்று எழுதிக் காட்டினேன்.

"இது புக்லயே இருக்கு. லாக்னா என்னன்னு கேட்டேன்."

"அதெல்லாம் பரீட்சைக்கு வேண்டாம். மனப்பாடம் பண்ணிக்கோ" என்று கத்திவிட்டேன். அவள் புத்தகத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

மறுநாள் பறக்கும் ரயிலில் போனில் தேடிப் படித்தேன். எத்தனை பத்துகளைப் பெருக்கினால் ஆயிரம் வரும்? மூன்று. அந்த மூன்றுதான் லாக். அவ்வளவுதான் விஷயம். பக்கத்தில் நின்றவர் என் போனை எட்டிப் பார்த்ததும் திருப்பிக்கொண்டேன். கழுத்தில் கம்பெனி அடையாள அட்டை, அதில் சீனியர் என்ஜினியர் என்று போட்டிருந்தது.

வீட்டுக்குப் போய் நான் எதுவும் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.

அந்த வாரக் கடைசியில் மயிலாப்பூருக்கு ஸ்கூட்டரில் போனோம். பின்னாலிருந்து என் தோளுக்கு மேலே எட்டி, வேகம் காட்டும் முள்ளைப் பார்த்தாள்.

"நாம வந்த தூரம் வேற, இது வேற, இல்லையா? இப்போ, இந்த நொடியில எவ்வளவு வேகமா போறோம்னு இது காட்டுது. டிஃபரன்சியேஷன்னா இதானே?"

எத்தனை வருஷமாக அந்த முள்ளைப் பார்த்து வண்டி ஓட்டுகிறேன். எத்தனை கணக்கு போட்டிருப்பேன். இரண்டையும் சேர்த்து ஒருநாளும் யோசித்ததில்லை.

"ஆமா, அதான்" என்றேன், பேப்பர் திருத்தும் வாத்தியார் போல. ஹெல்மெட்டுக்குள் முகம் எரிந்தது. மந்தைவெளி சிக்னலில் வண்டி நின்றபோது தாங்க முடியவில்லை.

"எனக்கு இது தெரியாது. லாக்கும் தெரியாமதான் அன்னிக்குக் கத்தினேன்."

"தெரியும்" என்றாள். "தெரிஞ்சிருந்தா சொல்லிக் குடுத்திருப்பீங்க."

அவள் குரலில் கேலி இல்லை. இருந்திருந்தால் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும்.

இப்போதெல்லாம் சாயங்காலங்களில் அவள் படித்ததை எனக்குச் சொல்கிறாள். சைன், காஸ் வரை வந்துவிட்டோம். புரியாத இடத்தில் "புரியல" என்று சொல்ல எனக்கு இன்னும் நாக்கு கூசுகிறது.