புங்கைக்குக் கிடைத்த அனுமதி

திண்டுக்கல்லில் எங்கள் வீட்டுக் கொல்லையில் ஒரு புங்கமரம் இருந்தது. அம்மா படுக்கையில் விழுந்த கடைசி வருஷம் முழுக்க, பகலில் அவளுக்கு அந்த நிழலில்தான் கட்டில். வீட்டுக்குள் தளம் அடுப்பு போலக் காயும். அவள் போன பிறகு அப்பா அதே இடத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். பேப்பர், காபி, தூக்கம் எல்லாம் அங்கேதான். பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற மனிதர், ஒரே இடத்தில் இப்படி உட்காருவார் என்று யாரும் நினைக்கவில்லை.

அந்த வீட்டில் அப்பாவோடு இருப்பவன் என் தம்பி. நான் வத்தலக்குண்டில் வாக்கப்பட்டவள். வாரம் ஒருமுறை பஸ் ஏறிப் போய் அப்பாவைப் பார்த்துவிட்டு வருவேன். தம்பியின் மகனுக்குக் கல்யாணம் நிச்சயமானதும் மரத்தை வெட்டிவிட்டுக் கொல்லையில் ஒரு ரூம் எடுக்க வேண்டும் என்று பேச்சு வந்தது. தம்பியைக் குற்றம் சொல்ல முடியாது. புதுப் பெண்ணை ஹாலிலா படுக்க வைப்பான்?

"நான் போன பொறவு என்னமும் பண்ணிக்க. அதுவரைக்கும் அது நிக்கட்டும்" என்றார் அப்பா.

தம்பி வாக்குவாதம் செய்யவில்லை. நேரே மாநகராட்சியில் போய் மனு கொடுத்துவிட்டு வந்தான். சொந்த வீட்டு மரமே ஆனாலும் அனுமதி இல்லாமல் கை வைக்கக் கூடாதாம். எனக்குச் சிரிப்பு வந்தது. பெற்ற அப்பனிடம் கிடைக்காத அனுமதியை ஆபீசில் போய்க் கேட்கிறானே என்று.

அதிகாரி வந்து மரத்தைச் சுற்றிப் பார்த்தார். நல்ல மனிதர். "பச்ச மரம், நல்லா இருக்கு. வெட்ட விட மாட்டோம். சுவத்துப் பக்கம் சாயுற கிளைய மட்டும் கழிச்சுக்கங்க. பட்டுப்போன மரம்னா அது வேற விஷயம்" என்றார்.

அப்பாவின் முகத்தில் அன்று அப்படி ஒரு தெளிச்சி. எனக்கும் ஏக சந்தோஷம். அதிகாரி கடைசியாகச் சொன்னதை நாங்கள் யாரும் காதில் வாங்கவில்லை என்றுதான் நினைத்திருந்தேன்.

சில வாரத்தில் இலை பழுத்துக் கொட்ட ஆரம்பித்தது. வெயில் காலமாச்சே என்றார்கள். அப்பா கேட்கவில்லை. எங்கள் தெருவில் குழாய்த் தண்ணீர் வருவதே அபூர்வம். தான் குளிக்கும் தண்ணீரைக் குறைத்துக்கொண்டு மரத்துக்கு ஊற்றினார். எரு வாங்கிப் போட்டார். என்னிடம் போனில், "தாயி, ஒரு கிளையில தளுத்திருக்கு" என்பார். நான் போய்ப் பார்த்தால் ஒரு துளிரும் இருக்காது.

ஒருநாள் நானும் அப்பாவுமாக அடியைக் கொத்திப் பாத்தி கட்டினோம். சுவர்ப் பக்கமாக, தரையை ஒட்டித் தண்டில் ஒரு களிமண் அப்பல் தெரிந்தது. நகத்தால் சுரண்டினேன். உள்ளே துளை. குப்பென்று பெருங்காய வாசம்.

எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த வழிதான் இது. துளை போட்டுப் பெருங்காயத்தைக் கரைத்து ஊற்றி அடைத்துவிட்டால் மரம் மெல்லப் பட்டுவிடும் என்பார்கள். வெட்டிய பாவம் யாருக்கும் இல்லை. பாவத்தைக் கழிக்க எவ்வளவு யோசித்திருக்கிறார்கள் பாருங்கள்.

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. "இப்பவே அவனக் கூப்பிட்டுக் கேக்குறேன்" என்று எழுந்தேன்.

அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார். "கேக்காத தாயி. கேட்டா அவன் இல்லன்னு சொல்லுவான். அதையும் நான் கேக்கணுமா?" என்றார். பிறகு ஈர மண்ணை உருட்டி, அந்தத் துளையைத் தானே மறுபடி அடைத்தார். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு அழுதேன்.

தம்பி மறுபடி மனு கொடுத்தான். அதே அதிகாரி வந்தார். அப்பா அன்று நாற்காலியைச் சுவர்ப் பக்கம் இழுத்து, துளை மறைய உட்கார்ந்துகொண்டார்.

"போன தடவ அம்புட்டுப் பச்சையா இருந்துச்சே! யாராவது எதையாச்சும் ஊத்துனீங்களா? அப்படி இருந்தா கேஸாயிரும், சொல்லிட்டேன்" என்றார் அதிகாரி.

தம்பி கையில் காபி டம்ளரோடு நின்றான். அவன் முகத்தில் ஈயாடவில்லை.

"தண்ணி ஊத்துறது நாந்தான் சார்" என்றார் அப்பா. "வயசாயிருச்சு. சரியாப் பாத்துக்கல. என் தப்புதான்."

அதிகாரி அவரைப் பார்த்தார். அப்புறம் தம்பியையும் பார்த்தார். கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனார்.

வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்த தம்பி, "அப்பா" என்றான். நாளைக்கே ஆளை வரச் சொல்லு என்றார் அப்பா, அவன் முகத்தைப் பார்க்காமல்.

பிறகு என் பக்கம் திரும்பி, தம்பிக்குக் கேட்கிற மாதிரியே கேட்டார்:

"தாயி, வத்தலக்குண்டுல உங்க வீட்டுல எனக்கு ஒரு எடம் இருக்குமா?"