வடிகட்டியில் நான் மட்டும் தப்பிய கதை

தப்பு யாருடையது என்று காட்டும் கருவி ஒன்றைச் செய்து, அதில் என் தப்பு மட்டும் தெரியாதபடி அமைத்த ஆள் நான். வேண்டுமென்றே செய்யவில்லை. செய்திருந்தால் கெட்டிக்காரன் என்ற பெயராவது மிஞ்சியிருக்கும்.

மேலகரத்தில் எங்கள் அலுவலகம். குற்றாலத்து லாட்ஜுகளுக்கு அறை பதிவு செய்யும் மென்பொருள் எழுதுகிறோம். அது கவிழும்போதெல்லாம் தொண்ணூறு வரி கக்கும்: எந்த வரி எதைக் கூப்பிட்டது, அது எதைக் கூப்பிட்டது என்று வம்சாவளி மாதிரி. முக்கால்வாசி, வெளியாட்கள் எழுதியதை நாங்கள் இரவல் வாங்கிச் சேர்த்துக்கொண்ட நிரல் நூலகங்களின் வரிகள். அவற்றை மறைத்து, நாங்கள் எழுதியதை மட்டும் காட்டும் வடிகட்டி ஒன்றை எழுதினேன். தொண்ணூறு நான்காகச் சுருங்கியது. ஒரு வாரம் தரையில் கால் பாவாமல் திரிந்தேன்.

அந்த வருடம் சாரல் சீசனில் அருவியில் வெள்ளம். குளிக்கத் தடை போட்டதும் லாட்ஜுகள் மொத்தமாகப் பதிவை ரத்து செய்ய, மென்பொருள் மூன்று முறை கவிழ்ந்தது. கடைசி வரியில் நிற்பதுதான் விழுந்த இடம்; மூன்று முறையும் அந்த நான்காவது வரியில் நின்றது அக்கா எழுதிய நிரல். வீரகேரளம்புதூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வருபவர். வயது வித்தியாசமில்லாமல் எல்லோருக்கும் அக்கா. அவர் சம்பளத்தில்தான் வீடு ஓடியது. முதலாளி அண்ணாச்சியிடம் அந்த நாலு வரியை நான்தான் கொண்டுபோய் நீட்டினேன். "திங்கக்கெழமைலேருந்து வராண்டாம்னு சொல்லிரும்வே" என்றார். சொன்னேன்.

அக்கா அழவில்லை. "சார், நீங்க மறைச்ச எம்பத்தாறு வரியையும் ஒருக்கா காட்டுங்களேன். போறவளுக்கு என்ன அவசரம், நான் வாசிக்கேன்."

வடிகட்டியை நிறுத்தினேன். திரையில் விரல் வைத்து, ரேஷன் கார்டு சரிபார்ப்பவர் போல ஒவ்வொன்றாக வாசித்துக்கொண்டே வந்தவர், கடைசி வரியில் இருந்த பெயரைப் பார்த்து நின்றார்.

"இது நம்ம சாருல்லா?"

நான்தான். வேலைக்குச் சேர்ந்த புதிதில், தனியாக ஒரு ஃபோல்டர் திறக்கச் சோம்பல்பட்டு, என் கோப்பை இரவல் நூலகங்களோடு சேர்த்துப் போட்டிருந்தேன். வடிகட்டி என்னையும் வெளியாள் என்று மறைத்துவிட்டது. அக்காவின் வரி என்னைக் கூப்பிட்டிருக்கிறது, விழுந்தவன் நான். உடம்பெல்லாம் எண்ணெய் தேய்த்துக்கொண்டு போய் நின்றவன் தலைக்கு மேல் அருவி வற்றிப்போனது போல இருந்தது. ஒரு மனுஷியின் பிழைப்பை நாலு வரியில் முடிக்கப் பார்த்திருக்கிறேன், அதுவும் பெருமையாக.

அக்கா இப்போதும் எங்களோடுதான் இருக்கிறார். எதையும் வடிகட்டாமல்தான் வாசிப்பார். அன்று அண்ணாச்சியின் அறைக்குப் போய், கதவைச் சாத்தி, எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். என்னை அனுப்பிவிடுங்கள் என்றும் சொன்னேன். அவர் கம்ப்யூட்டரிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"உம்ம மேல எனக்கு மொதல்லயே சந்தேகந்தாம்வே. ஆனா உம்மள அனுப்பிட்டா, நீரு எழுதி வச்சிருக்கத வாசிக்க வேற யாரு இருக்கா?"